பேச்சி கத்தியும் பெரிக் குளோரைடும்

விரலத்தான பாக்கீங்க அண்ணாச்சி? நல்லாப் பாருங்க. பீடிக் கறை இல்ல, சீக்கும் இல்ல, ஒட்டாது. நீங்க தாராளமா இந்தச் சீட்டுல தள்ளி உக்காரலாம். இது பெரிக் குளோரைடு. தோலுல பட்டா மஞ்சளாப் பிடிக்கும், சோப்புப் போட்டாப் போவாது. தோலு உரிஞ்சு, நகம் வளந்து, மாசக்கணக்குல அதுவாப் போனாத்தான் உண்டு. எனக்குத் தெரியாதா? கையுறை போட்டுத்தான் செய்யணும். போடல. சொந்த வீட்டுல என்னத்துக்குக் கையுறைன்னு விட்டுட்டேன்.

எம் பேரு குத்தாலிங்கம். பாளையங்கோட்டையில ஒரு காலேஜுல, கெமிஸ்ட்ரி லேபுல, முப்பத்தோரு வருசம் அட்டெண்டர். புரொபசர்மாரு வருவாக, போர்டுல எழுதுவாக, போவாக. பாட்டிலத் தெறக்கது யாரு? ஊத்திக் குடுக்கது யாரு? நாந்தான். ஒருத்தர் கண்ணுலயும் ஒரு சொட்டுப் படவிட்டது கெடையாது. ரிட்டயர் ஆகும்போது மாலை போட்டு, 'ஆசிட்டே இவருக்கு அடங்கும்'னு ஒரு அம்மா மைக்குல பேசினாக. அத எதுக்குச் சொல்லுதேன்னா, நான் ஏதோ வீடியோ பாத்துட்டுக் கெளம்புன ஆளு இல்லன்னு ஒங்களுக்குத் தெரியணும்லா. வீடியோவும் பாத்தேன். அது பெறகு.

வெவகாரம் ஒரு கத்தி அண்ணாச்சி. எம் மருமவளோட கத்தி.

எம் மவன் நயினாருக்குத் தை மாசம் கல்யாணம். அவனாப் பாத்துக்கிட்ட பொண்ணு. ரெண்டு பேரும் ஒரே பேங்கு. அவ ஆபீசர், இவன் கவுண்டர்ல இருக்கான். பொண்ணோட அப்பாவுக்குப் பேட்டையில வியாபாரம். என்ன வியாபாரம்னா, கறிக்கடை. நாங்க சைவம். முட்ட போட்ட கேக்குகூட எங்க வாசல் தாண்டாது. ஆனாலும் எனக்கு வித்தியாசம் கெடையாது, கேட்டுக்கோங்க. சரின்னு மொதல்ல சொன்னவன் நாந்தான். சொந்தக்காரங்க கேட்டா மட்டும், 'சம்பந்தி கால்நடை சம்பந்தமான பிசினஸ்'னு சொல்லுவேன். பொய்யி இல்லல்லா?

அவ பேரு பேச்சிப்ரியா. நாங்க ப்ரியான்னு கூப்பிடுதோம். சுருக்கமா இருக்கும், அவளுக்கும் வசதி. அவகிட்டக் கேக்கல. வசதியாத்தான இருக்கும்.

வரச்சில பொட்டி, பீரோ, மிக்ஸி, எல்லாம் புதுசாக் கொண்டாந்தா. எல்லாத்துக்கும் நடுவுல, ஒரு துணியில சுத்தி, ஒரு கத்தி. முழங்கையில பாதி நீளம். மரப்பிடி. வாயி மட்டும் வெள்ளையா ஒரு கோடு, மத்ததெல்லாம் கருகருன்னு. பாத்த ஒடனே எம் பொண்டாட்டி பிரமு ரெண்டு எட்டுப் பின்னால வச்சுட்டா.

"இது இல்லாம எனக்குக் கை வராது அத்த"ன்னா அவ. சின்னப்பிள்ளையிலருந்து இதுலதான் நறுக்குதாளாம். சொல்லிட்டு, எங்க அடுக்களையில கரண்டி மாட்டுத ஆணியிலயே அத மாட்டிட்டா.

பிரமு ஒண்ணும் சொல்லல. அவளும் நல்லவதான். ஆனா மறுநாளு பாத்தா, கத்தி அரிசிப் பானைக்குப் பின்னால இருக்கு. அடுத்த நாளு மாடிப்படிக்கு அடியில. ஒரு நாளு மொட்டமாடியில, வடகத் துணிக்குப் பக்கத்துல. கையால தொட மாட்டா. தினத்தந்திப் பேப்பர நாலா மடிச்சு, செத்த எலியத் தூக்குத மாதிரி ரெண்டு விரலால தூக்கிட்டுப் போவா. காலையில ஆறு மணிக்கு மருமவ எந்திச்சு வருவா, வீடு முழுக்கத் தேடுவா, எடுப்பா, கழுவுவா, அதே ஆணியில மாட்டுவா. ஒரு வார்த்த பேச மாட்டா. பிரமுவும் பேச மாட்டா. நாலு மாசம் அண்ணாச்சி. ரெண்டு நாட்டுப் பட்டாளம் எல்லையில நிக்க மாதிரி. நடுவுல நான் பேப்பர் படிச்சுக்கிட்டு. அந்தப் பேப்பர்லயும் பாதிப் பக்கம் இருக்காது, கத்தியோட போயிருக்கும்.

ஆனி மாசம் வந்துட்டு. நெல்லையப்பர் தேருக்கு எங்க அக்கா வாரா, அம்பாசமுத்திரத்துலருந்து. பகவதி அக்கா. கல்யாணத்துக்கு மூட்டு வலின்னு வரல, இதுதான் மொதத் தடவ. அவ வந்தா நேர அடுக்களைக்குத்தான் போவா. ஒவ்வொரு டப்பாவாத் தெறந்து மோந்து பாப்பா. அக்கா அந்தக் கத்தியப் பாத்தா என்ன ஆவும்? 'இது எந்தக் கடையிலருந்து வந்துச்சு'ன்னு ஒரு கேள்வி கேட்டான்னா, எங்க 'கால்நடை பிசினஸ்' என்ன ஆவும்?

நான் உக்காந்து யோசிச்சேன். லேபுல பழகுன மண்டை. பிரச்சினை எது? கத்தியா? கத்தி வெறும் இரும்பு. இரும்புல சைவம் ஏது, அசைவம் ஏது? பிரச்சினை அந்தக் கறுப்பு. அத்தன வருசம் கொழுப்பும் ரத்தமும் ஊறி ஏறின கறுப்பு. அத உரிச்சு எடுத்துட்டா, உள்ள இருக்கது புதுக் கத்தி. அக்காவும் ஒண்ணும் சொல்ல முடியாது, பிரமுவும் பேப்பர் இல்லாமத் தொடுவா, மருமவளுக்கும் பளபளன்னு ஒரு கத்தி. எல்லாருக்கும் நல்லது. அந்த வாரம் அவளுக்குச் சென்னையில டிரெய்னிங். நல்ல நேரமாப் போச்சுன்னு நெனச்சேன்.

அவகிட்டக் கேட்டியான்னு கேக்கீங்க. நல்லது செய்யதுக்கு யாராவது கேட்டுக்கிட்டு இருப்பாங்களா?

பின்வாசல்ல, துவைக்கல் பக்கத்துல கடை விரிச்சேன். மொதல்ல வினிகர். ஊற வச்சு ஊற வச்சுப் பாத்தேன், அசையல. கக்கூஸ் கழுவுத ஆசிட்ட எடுத்துட்டு வந்தேன். லேபுல இருக்க மாதிரி சுத்தமா இருக்காது, ஆனா ஆளு அதுதான், ஹைட்ரோ குளோரிக். கத்தியப் பழைய பிளாஸ்டிக் தட்டுல வச்சு ஊத்துனேன். சளசளன்னு நொரைச்சுது. ரிட்டயர் ஆயி மூணு வருசம் கழிச்சு அந்தச் சத்தத்தக் கேக்கேன். மனசு நெறஞ்சு போச்சு, பொய் சொல்லல.

பெறகு உப்புத்தாளு. மொதல்ல மொரமொரப்பு, அடுத்து நைசு, அதுக்கப்பறம் அதவிட நைசு. மத்தியானம் வரைக்கும் தேச்சேன். கறுப்பெல்லாம் தண்ணியா ஓடுது. கைப்பிடிகிட்ட நாலஞ்சு புள்ளி குழிகுழியா இருந்துச்சு. துரு தின்ன எடம்னு நெனச்சு அதையும் அழுத்தித் தேச்சுத் தள்ளிட்டேன். சாயங்காலம் பாத்தா, கண்ணாடி அண்ணாச்சி. என் மூஞ்சி அதுல தெரியுது. பிரமுவக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு"ன்னா. ஆனாத் தொடல.

காலையில எந்திச்சுப் போய்ப் பாத்தா, கத்தி முழுக்கச் செம்மண்ணு பூசுன மாதிரி துரு. ஒரே ராத்திரி. கத்தி மட்டும்னா பரவால்ல. அந்த ஆசிட்டுப் புகை இருக்குல்லா, அது சும்மா போவாது. பின்வாசல்ல பிரமு கழுவிக் கவுத்தி வச்சிருந்த எவர்சில்வர் பாத்திரம் அம்புட்டும் பொட்டுப் பொட்டாத் துரு. குடம், போணி, அவ அம்மா சீருக்குக் குடுத்த தூக்குச் சட்டி. எவர்சில்வர்னு பேரு வச்சவன் எங்க வீட்டுப் பின்வாசலுக்கு வந்ததில்ல.

பிரமு அந்தத் தூக்குச் சட்டியத் தூக்கிப் பாத்தா. என்னப் பாத்தா. "முப்பத்தோரு வருசம் அந்தக் காலேஜு கட்டடம் எப்படி நின்னுச்சு?"ன்னா. உள்ள போயிட்டா.

எனக்குத் தெரியும், ஆசிட்ட ஊத்துனா ஆப்பச் சோடாத் தண்ணியில முக்கி அத அடக்கணும். பிள்ளைங்களுக்கு ஆயிரம் மட்டம் சொல்லியிருக்கேன். சவம், மறந்து போச்சு. மறுபடியும் தேச்சேன். மறுநாளும் துரு. மறுபடியும் தேச்சேன். கத்தி எளைச்சுக்கிட்டே வருது, துரு நிக்கல. அப்பந்தான் வீடியோவப் போட்டேன். எவனோ தாடிக்காரன், வெளிநாட்டான், கத்தி செய்யதே அவனுக்கு வேலை. அவன் என்ன சொல்லுதாம்னா, இந்த மாதிரி இரும்புக்கு அந்தக் கறுப்புத்தான் சட்டையாம். அத உரிச்சா அம்மணமா நிக்கும், காத்து பட்டாலே துருப் பிடிக்கும். அப்படி உரிச்சுட்டா, பெரிக் குளோரைடுல முக்கி மறுபடியும் கறுப்பாக்கணும்னு சொல்லுதான்.

அதாவது அண்ணாச்சி, நாலு நாளாக் கறுப்ப எடுத்துட்டு, அஞ்சாவது நாளு கறுப்பு வாங்கதுக்கு ஜங்சனுக்குப் போறேன். போவும்போது வேகாத வெயிலு. ரேடியோ சாமான் விக்க கடையில கெடைக்கும், சர்க்யூட் போர்டு அரிக்கதுக்கு. கடைக்காரர் கேட்டாரு, "போர்டுக்கா சார்?"

"கத்திக்கு."

அவரு என்ன ஒரு நிமிசம் மேலயும் கீழயும் பாத்தாரு. பில்லுல பேரும் போன் நம்பரும் எழுதுங்கன்னுட்டாரு. வழக்கமா எழுதுவாங்களான்னு தெரியல.

ஆனா இந்தக் கறுப்பு வேற, அந்தக் கறுப்பு வேற. அது அழுக்கு. இது ரசாயனம். பிரமுவுக்கு அத வெளக்கிச் சொன்னேன். கேட்டுக்கிட்டே கீரை ஆஞ்சா.

அப்பந்தான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. வெறுங் கறுப்பா இருந்தா அக்கா பழையபடி கேப்பாள்லா? ஒரு படம் இருந்தா? மயில் மேல வேலு. பாத்த ஒடனே கையெடுத்துக் கும்பிடத் தோணும். ஆசிட் படக்கூடாத எடத்துல நகப் பாலிஷு அடிச்சா, அங்ஙன மட்டும் வெள்ளையா நிக்கும், மத்ததெல்லாம் கறுக்கும். மருமவ மேசையில செவப்பு பாலிஷு இருந்துச்சு. எடுத்துக்கிட்டேன். மயிலு வரைஞ்சேன். தோகை, கொண்டை, காலு, பின்னால வேலு. அந்தத் துளியூண்டு பிரஷ்ஷுல, கண்ணாடியப் போட்டுக்கிட்டு, ஒரு முழுக் காலையும் போச்சு.

ஒரு பிளாஸ்டிக் பைப்ப வெட்டி, அடியில மூடியப் போட்டு, நாலு பங்கு தண்ணி, ஒரு பங்கு பெரிக் குளோரைடு. கத்திய சோப்புப் போட்டு, விரலு படாமக் கழுவி, தலைகீழா உள்ள எறக்குனேன். பத்து நிமிசம். எடுத்தேன். தொடச்சேன். மறுபடியும் பத்து நிமிசம். நாலாவது மட்டம் எடுத்தேன், மழைமேகம் மாதிரி ஒரு கறுப்பு. என்ன அழகுன்னு சொல்லுவேன். இந்தத் தடவ மறக்கல, ஆப்பச் சோடாத் தண்ணியில முக்கி, தேங்கா எண்ணெய் தடவினேன். விரலுதான் இப்படி ஆயிப் போச்சு.

பாலிஷ வழிச்சு எடுத்தேன். மயிலு தெரிஞ்சுது. என்ன ஆச்சுன்னா, தோகை ஓரமா ஆசிட்டு உள்ள புகுந்துட்டு. தோகையில பாதியக் காணோம். வேலு மொத்தமாப் போச்சு. கொண்டை நல்லா நிக்கி. காலும் நல்லா நிக்கி.

பிரமு வந்து எட்டிப் பாத்தா. "கோழி எதுக்குப் போட்டிருக்கீக?"

"மயிலு."

"ஓ"ன்னா.

அழிச்சுட்டு மறுபடியும் செய்ய நேரம் இல்ல. வெள்ளிக்கெழம அக்கா வந்துட்டா. வந்து, காப்பியக் குடிச்சா, மூட்டுக்கு எண்ணெய் தேச்சா, அடுக்களைக்குள்ள போனா. நான் முன் கூடம், பட்டாசல்ல உக்காந்து பேப்பரத் தலைகீழாப் படிச்சுக்கிட்டு இருக்கேன். கொஞ்ச நேரத்துல உள்ளயிருந்து கொரலு.

"ஏல குத்தாலிங்கம். சைவ வீட்டு அடுக்களையில எதுக்குல கோழிப் படம் போட்ட கத்தி?"

"கோழி இல்லக்கா. மயிலு."

"மயிலையும் அறுக்காளா ஒம் மருமவ?"

அவ்வளவுதான். எல்லாம் வெளிய வந்துட்டு. யாரு கத்தி, எந்த ஊரு, அப்பாவுக்கு என்ன தொழிலு, ஒவ்வொண்ணா உருவி எடுத்துட்டா. அந்தக் கத்தி வெறுங் கறுப்பாத் தொங்கியிருந்தா ஏதோ பழைய சாமான்னு அக்கா பேசாமப் போயிருப்பான்னு பிரமு சொல்லுதா. அது எனக்குச் சரியாப் படல. எப்படியும் கேட்டிருப்பா. அவ பொறந்ததே கேக்கதுக்குத்தான். அன்னிக்கி ராச்சாப்பாட்டுக்கு வாழப்பழம் மட்டும் போதும்னுட்டா.

சனிக்கெழம காலையில மருமவ வந்து எறங்குனா. பையக் கீழ வச்சா, அக்காவ விழுந்து கும்பிட்டா, காப்பி போடப் போறேன்னு உள்ள போனா. காப்பி வரக் காணும். போய்ப் பாத்தேன். கத்தியக் கையில வச்சுக்கிட்டு நிக்கா.

"மாமா, இது யாரு கத்தி?"

"ஒன்னோடதுதாம்மா."

"என்னுதுல கைப்பிடிகிட்ட 'பே'ன்னு வெட்டியிருக்கும்."

அந்தக் குழி. பாத்திரத்துல பேரு வெட்டுவாகள்லா, புள்ளி புள்ளியா, அந்த மாதிரி அவ பேரோட மொத எழுத்த வெட்டிக் குடுத்திருக்காக. துருன்னு நெனச்சுத் தேச்சேன்னேன்லா, அதுதான். நான் சொன்னேன், "கவலப்படாதம்மா, 'ப்ரி'ன்னு நான் எழுதித் தாரேன், பெரிக் குளோரைடு மிச்சம் இருக்கு"ன்னு.

அவ கத்தியவே பாத்துக்கிட்டு இருந்தா. பெறகு மெதுவாக் கேட்டா. "கறுப்பா இருந்தது ஒங்கள என்ன மாமா செஞ்சுது?"

நல்ல கேள்வி. நான் பதில் சொன்னேன். இரும்பு ஆக்சைடுன்னா என்ன, அதுல ரெண்டு வகை எது, செவப்பு எப்படி அரிக்கும், கறுப்பு எப்படிக் காக்கும், ஆசிட்டு ஏன் ரெண்டையும் உரிக்கும், எல்லாத்தையும் ஒரு பத்து நிமிசம் நிதானமா வெளக்கினேன். அவளும் நின்னு முழுசாக் கேட்டா. நல்ல பிள்ள. பிரமு மட்டும் முந்தானைய மூஞ்சியில வச்சுக்கிட்டுச் சுவத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டா. அவளுக்குச் சயன்ஸு பிடிக்காது.

ஞாயித்துக்கெழம சம்பந்தி வந்தாரு. சுடலைமுத்து. கூட அவரு வீட்டம்மா மாடத்தி. வெள்ளை வேட்டி, ஒரு பை நெறைய மாதுளம்பழம். அக்காவுக்குக் கும்பிடு போட்டாரு. அக்கா தலைய மட்டும் ஆட்டுனா. எனக்குக் கொஞ்சம் பயந்தான் அண்ணாச்சி, மறைக்கல. அவரு கையப் பாத்திருக்கீங்களா? உலக்க மாதிரி.

கத்தியக் கொண்டாரச் சொன்னாரு. கட்டை விரலக் கத்தி வாயில வச்சு உரசிப் பாத்தாரு.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீய சம்பந்தி. வாயிதான் போயிட்டு"ன்னாரு.

படத்தப் பாத்தாரு. "சேவலா?"

"மயிலு."

"ஆங். மயிலு." ஒரு சிரிப்பு இல்ல. அதுக்கு அவரு சிரிச்சிருக்கலாம்.

நான் சமாதானமாச் சொன்னேன், "தப்பா நெனச்சுக்கிடாதீங்க. கறிக் கறுப்பு ஏறிப் போயிருந்துச்சு, வீட்டுல எல்லாரும் பொழங்கணும்லா, அதான் சுத்தம் பண்ணலாம்னு"ன்னு.

அவரு வீட்டம்மாளத் திரும்பிப் பாத்தாரு. அந்தம்மா அதுவரைக்கும் வாயே தெறக்கல. இப்பந்தான் பேசுனாக.

"இதுல கறி பட்டதே இல்லைங்கய்யா. கடைக் கத்தி கடையோட. இது நான் ஸ்கூல் வாசல்ல மாங்கா, நெல்லிக்கா கீறி வித்த கத்தி. வீட்டுல வாழக்கா, வாழப்பூ. அந்தக் கறைதான் அம்புட்டும். பேச்சிக்கு அஞ்சாங் கிளாஸ் லீவுல நான் குடுத்தேன். கடையில வச்சுராதீகன்னு இவுககிட்டச் சண்ட போட்டுத் தனியா வச்சிருந்தோம். கறி நறுக்குனா மாங்காயில வாடை வரும்லா."

நான் சம்பந்தி கையில இருந்த கத்தியப் பாத்தேன்.

மாங்காக் கறை. வாழக்காக் கறை. கடுக்காயில மை செய்வாகள்லா, அதே சங்கதி. இரும்புல துவர்ப்பு பட்டா நீலக் கறுப்பாப் பிடிக்கும். ரெண்டாம் வருசப் பிள்ளைங்களுக்கு நானே டெஸ்ட் டியூப்ல காட்டியிருக்கேன். ஒரு கரண்டி தேயிலத் தண்ணியில இரும்பு உப்பப் போட்டா மையாயிரும். எனக்குத் தெரியாமலா? தெரியும். ஆனா ஒண்ணு சொல்லுங்க, நாலு மாசம் ஒரே வீட்டுல இருக்கா, ஒரு வார்த்த முன்னாலயே சொல்லியிருக்கலாம்லா? 'மாமா, இது மாங்காக் கறை'ன்னு? நாமளாவா போய்க் கேக்க முடியும்?

அக்கா மெதுவாச் சொன்னா, "அப்பம் கத்தி சைவமாத்தான் இருந்திருக்கு. இவந்தான் கோழியப் போட்டிருக்கான்."

சம்பந்தி எந்திச்சாரு. கத்திய எடுத்துக்கிட்டுப் பின்வாசலுக்குப் போனாரு. துவைக்கல்லுல தண்ணி ஊத்தி, குத்த வச்சு உக்காந்து, சரக்கு சரக்குன்னு தீட்டுனாரு. அரை மணிக்கூரு. பெறகு ஒரு தாள நறுக்கிப் பாத்துட்டு, துணியில சுத்தி மவ கையில குடுத்தாரு. "பிடி நல்லாருக்கும்மா, வாயும் நல்லாருக்கு. கறை போவப்போவப் பிடிச்சுக்கிடும்"ன்னாரு. எங்கிட்ட, "வாரேன் சம்பந்தி"ன்னாரு. கையக் குடுத்தாரு. என் மஞ்ச விரலெல்லாம் அதுக்குள்ள காணாமப் போச்சு. அந்த ஆளு ஒரு வார்த்த ஏசியிருந்தா எனக்கு நல்லாருந்திருக்கும்.

ஆடி பொறக்கதுக்கு முந்தி நயினார் வந்து நின்னான். "அப்பா, நாங்க தனியா வீடு பாத்திருக்கோம். கே.டி.சி. நகர்ல. பேங்குக்குப் போவ வரப் பக்கம்"ன்னான். சரின்னேன். கத்திக்காகல்லாம் இல்ல அண்ணாச்சி. இந்தக் காலத்துப் பிள்ளைங்க கத்திக்காகவா வீடு மாறும்? பேங்குதான் காரணம். என்ன, பேங்கு எங்க வீட்டுலருந்து ரெண்டு தெரு. கே.டி.சி. நகர்லருந்து பஸ்ஸுல முக்கா மணிக்கூரு. பக்கம்னு அவன் எதச் சொன்னான்னு எனக்கு இன்னும் வெளங்கல.

வீடு வெறிச்சுன்னு ஆயிட்டு. பிரமு மொதல்ல வாரத்துக்கு ஒருக்கப் போனா, மவனப் பாக்க. பெறகு ரெண்டு மட்டம். இப்பம் ஒண்ணுவிட்டு ஒரு நாளு. 'நீங்களும் வாரீங்களா'ன்னு கேக்க மாட்டா. நானும் கேக்க மாட்டேன். சமைச்சு மூடி வச்சுட்டுப் போயிருவா. நான் போட்டுச் சாப்பிட்டுட்டு, தட்டக் கழுவி வச்சுட்டு, துரு பிடிச்ச தூக்குச் சட்டிய எண்ணெய் போட்டுத் தேச்சுக்கிட்டு இருப்பேன். போவல.

போன ஞாயித்துக்கெழம எனக்கு இருப்புக் கொள்ளல. சொல்லாமக் கொள்ளாம கெளம்பிப் போனேன். கதவு சும்மா சாத்திக் கெடக்கு, சன்னல் தெறந்து கெடக்கு. செருப்பக் கழத்திட்டுச் சன்னல் வழியாப் பாத்தேன். பாக்கணும்னு பாக்கல, பட்டுட்டு. உள்ள நாலு பேரும் தரையில வட்டமா உக்காந்திருக்காக. எம் மவன், மருமவ, அந்த மாடத்தியம்மா, எம் பொண்டாட்டி. தட்டுல சோறு. மருமவ ஒரு சட்டியிலருந்து, நல்லாக் கேட்டுக்கோங்க, ஆம்லெட்ட எடுத்துப் பிரமு தட்டுல போடுதா. பிரமு அதப் பிச்சு, வாயில போட்டு, கண்ண மூடிக்கிட்டு மென்னு முழுங்குதா.

"இன்னொண்ணு போடு பேச்சி"ங்கா.

பேச்சி. சொல்லுதது யாரு? பேப்பர வச்சுக் கத்தியத் தூக்குனவ. முட்ட கேக்குக்கு மூக்கப் பொத்துனவ.

மாடத்தியம்மா ஏதோ சொன்னாக. காதுல விழல. பிரமு சிரிச்சா. சிரிச்சான்னா, சோறு பொரையேறி, மருமவ அவ தலையில தட்டி, கண்ணுல தண்ணி வந்து, அப்பவும் நிறுத்தாமச் சிரிக்கா. முப்பத்திநாலு வருசம் ஆச்சு அண்ணாச்சி எங்களுக்குக் கல்யாணம் ஆயி. அவளுக்குப் பின்னால ஒரு கடவாப்பல்லு இல்லங்கதே அன்னிக்கித்தான் எனக்குத் தெரியும்.

நான் செருப்ப மாட்டிக்கிட்டு வந்துட்டேன். பஸ்ஸு கெடைக்க வரைக்கும் நடந்தே வந்தேன்.

சாயங்காலம் பிரமு வீட்டுக்கு வந்தா. "என்ன சாப்பாடு அங்ஙன?"ன்னு கேட்டேன். "சாம்பாரு"ன்னா. நான் மேல கேக்கல. ஒரு வாரமாக் கேக்கல. மொதல்ல கோவந்தான் வந்துச்சு. எவ்வளவு நேரம்னா, ஒரு அரை நாளு. அதுக்கப்பறம் கோவத்தத் தேடிப் பாக்கேன், அது அங்ஙன இல்ல. வேற என்னமோ கெடக்கு. அந்த வட்டத்துல சன்னலப் பாத்த மாதிரி ஒரு எடம் காலியா இருந்துச்சு. வேணும்னு விட்டிருக்க மாட்டாக, சும்மா அப்படி அமைஞ்சிருக்கும். ஆனா ஒரு ஆளு உக்காரலாம்.

இன்னிக்கிப் பிரமு காலையிலயே போயிட்டா. நான் பின்னாலயே கெளம்பிட்டேன். சமாதானபுரம் தாண்டிட்டா? தாண்டிட்டு. அப்பம் அடுத்ததுதான். எறங்கணும். கண்டக்டர், கே.டி.சி. நகர் ஒண்ணு இருக்கு, நிப்பாட்டுங்க.

கொஞ்சம் கால மடக்குங்க அண்ணாச்சி. ஒண்ணே ஒண்ணு கேக்கேன், ஒங்களுக்கு என்ன தோணுதோ சொல்லுங்க. நான் உள்ள போன ஒடனே அவ தட்ட மறைப்பா. எனக்குத் தெரியும், முந்தானையப் போட்டு மூடுவா. அவ மூடதுக்கு முந்தி நான் முந்திக்கிடணும். முப்பத்தோரு வருசம் லேபுல அழுகுன முட்ட நாத்தமடிக்க ஹைட்ரஜன் சல்பைட மோந்து மோந்து எனக்கு மூக்கே செத்துப் போச்சு, முட்ட வாடையெல்லாம் நமக்குத் தெரியாதுன்னு சொல்லிக்கிட்டே போய் அந்த எடத்துல உக்காந்துட்டேன்னு வைங்க. நம்புவாகள்லா?